ஓல்மெக் – மாயா: அம்மா பொண்ணா, அக்கா தங்கச்சியா? செமினாருக்கு உதவி வேணும்

பாப்பாரப்பட்டி பொண்ணு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் தருமபுரியில பிஏ ஹிஸ்டரி ரெண்டாவது வருஷம், ஊரு பாப்பாரப்பட்டி பக்கம். வர்ற வாரம் கிளாஸ்ல செமினார் எடுக்கணும், எனக்கு வந்த தலைப்பு ஓல்மெக் நாகரிகத்தையும் மாயா நாகரிகத்தையும் ஒப்பிடுறது. கையில இருக்கிற புக்குல ரெண்டே பாராதான் இருக்கு, அதுலயும் ஓல்மெக்தான் தாய், மாயா அதுக்குப் பொறந்ததுன்னு ஒரே வரியில முடிச்சிட்டாங்க. சரின்னு யூடியூப்ல தேடினா ஒருத்தர் ஓல்மெக் ஆளுங்க செதுக்கின பெரிய கல்லுத் தலை எல்லாம் ஆப்பிரிக்காவுல இருந்து வந்தவங்க முகம்ங்கிறார், இன்னொருத்தர் மாயான்னா நம்ம மயன்தான், தமிழன்தான் போய் கட்டிக் கொடுத்தான்ங்கிறார், மூணாவது ஆளு வேத்து கிரகத்துக்கே போயிட்டாரு. எனக்கு ஒண்ணும் புரியல. காலம், எடம், கோயில், சிலைன்னு கட்டம் போட்டு எழுதிட்டேன், ஆனா அத அப்படியே வாசிச்சா கிளாஸ்ல பாதி பேரு தூங்கிடுவாங்க, எனக்கே தூக்கம் வருது. உண்மையிலேயே இந்த ரெண்டுக்கும் நடுவுல என்ன வித்தியாசம், எது எதுல இருந்து வந்துச்சு, தெரிஞ்சவங்க சொல்லுங்க அண்ணா அக்கா.

நடுகல் தேடி (கிருஷ்ணகிரி) எழுதினது:

தங்கச்சி, காலத்த மொதல்ல மனசுல நிறுத்திக்கோ. ஓல்மெக் கி.மு. 1500 வாக்குல எழுந்து கி.மு. 400 வாக்குல ஓஞ்சு போச்சு, எடம் மெக்சிகோ வளைகுடா ஓரம், இப்ப வெராக்ரூஸ், டபாஸ்கோன்னு ரெண்டு மாநிலம், எங்க பாத்தாலும் ஆறும் சதுப்பும் மழையும். மொத பெரிய ஊரு சான் லொரென்சோ, அது கி.மு. 900 வாக்குல ஒடுங்கினப்புறம் லா வென்டா தலையெடுத்துச்சு. மாயா அதுக்குக் கெழக்க, யுகடான், குவாத்தமாலா, பெலிஸ், ஹோண்டுராஸ் பக்கம். அவங்களும் கி.மு.விலயே ஊரு கட்ட ஆரம்பிச்சவங்கதான், ஆனா நாம படத்துல பாக்குற டிகால், பலென்கே, கோபான் எல்லாம் உச்சத்துல இருந்தது கி.பி. 250ல இருந்து 900 வரைக்கும். அதாவது இந்தப் பக்கம் மகேந்திரவர்மன் பேரு போட்டு நடுகல் நட்டுக்கிட்டிருந்த அதே சமயத்துல பலென்கேல பகால்னு ஒரு ராஜா, 12 வயசுல பட்டத்துக்கு வந்தவரு, 615ல இருந்து 683 வரைக்கும் ஆண்டுக்கிட்டு இருந்தாரு.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். நான் லீவு நாள்ல வண்டிய எடுத்துக்கிட்டு கல்லு தேடிப் போறவன். மல்லச்சந்திரம் மலையில கல்திட்டைய பாத்திருக்கியா, நாலு பக்கமும் பலகைக் கல்ல நட்டு மேல ஒரு பெரிய பலகையப் போட்டு மூடியிருப்பாங்க, ஒரு பக்கக் கல்லுல வட்டமா ஓட்டை இருக்கும், உள்ள குனிஞ்சு பாத்தா இருட்டு, ஒரு எழுத்து கெடையாது. யாரு, என்ன பேரு, என்ன பாஷை, எதுவும் கல்லு சொல்லாது. பெரியவங்க இத பாண்டவர் வீடுன்னு சொல்லுவாங்க, ஆனா அதக் கட்டினவங்க தங்கள பாண்டவர்னு சொல்லிக்கிட்டிருக்க மாட்டாங்க இல்லியா. ஓல்மெக்கும் அப்படித்தான். ஓல்மெக்னா ரப்பர் நாட்டு ஆளுங்கன்னு அர்த்தம், அது ரெண்டாயிரம் வருஷம் கழிச்சு மெக்சிகோவுல ஆண்ட அஸ்டெக் ஆளுங்க அந்தக் கடலோரத்துல இருந்தவங்களுக்கு வெச்ச பேரு, ஆராய்ச்சிக்காரங்க அத எடுத்து பழைய ஆளுங்களுக்கு ஒட்டிட்டாங்க. அவங்க தங்கள என்னன்னு கூப்பிட்டுக்கிட்டாங்கன்னு உலகத்துல ஒருத்தருக்கும் தெரியாது.

மாயா கல்லு நம்ம நடுகல்லு மாதிரி. தருமபுரி மியூசியத்துல போய் பல்லவர் காலத்து நடுகல்ல பாரு. மொதல்ல கோவிசையன்னு ராஜா பேரு, அவருக்கு இத்தனாவது யாண்டு, அப்புறம் இன்ன ஊரு தொறுவ (மாட்டு மந்தைய) மீட்டு இன்னார் பட்டான், அவன் கல்லு இதுன்னு வரும். காலம், நடந்தது, ஆளு. மாயா கல்தூணும் கிட்டத்தட்ட இதே வரிசைதான் தங்கச்சி. மேல தேதி, அப்புறம் என்ன நடந்துச்சு, பட்டம் ஏறினாரா, எதிரியப் புடிச்சாரா, அதுக்கப்புறம் யாருன்னு பேரு. எனக்கு இது மொத தடவ தெரிஞ்சப்ப ராத்திரி தூக்கமே வரல. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்ததே இல்ல, ஆனா ஒரு ஆள கல்லுல நிறுத்தணும்னு நெனச்சவன் கை ஒரே மாதிரி போயிருக்கு.

அதனால உன் செமினார்ல மொத வித்தியாசமா இதச் சொல்லு. ஒண்ணு பேசாத கல்லு, இன்னொண்ணு பேசுற கல்லு. ஓல்மெக்ல எழுத்தே இல்லன்னு அடிச்சுச் சொல்லிடாத, காஸ்கஹால்னு ஒரு எடத்துல 62 குறி வெட்டின ஒரு பலகைக் கல்லு கெடைச்சு 2006ல வெளிய வந்துச்சு, கி.மு. 900 வாக்குலன்னு சொல்றாங்க, ஆனா அத படிக்கவும் முடியல, எல்லாரும் ஒத்துக்கவும் இல்ல.

மாயா எழுத்து எப்படித் தொறந்துச்சுங்கிறது தனி வேதனை. 1562ல மானிங்கிற ஊர்ல தியேகோ தெ லாந்தான்னு ஒரு ஸ்பானிஷ் பாதிரியார் அவங்க புஸ்தகத்த எல்லாம் சாத்தான் வேலைன்னு குமிச்சு வெச்சு கொளுத்திட்டாரு. இன்னிக்கு உலகம் முழுக்க மிஞ்சியிருக்கிற மாயா ஏடு நாலே நாலு. ஆனா அதே ஆளு எழுதி வெச்ச ஒரு குறிப்புல இந்த சத்தத்துக்கு இந்தக் குறின்னு கொஞ்சம் இருந்துச்சு, அத வெச்சுத்தான் 1952ல லெனின்கிராட்ல உக்காந்துக்கிட்டு, மாயா ஊரு மண்ண அதுவரைக்கும் மிதிக்காத யூரி க்னோரொசோவ், இது அசை எழுத்தும் சொல் எழுத்தும் கலந்ததுன்னு வழி காட்டினாரு. இதே மனுஷன்தான் 1960கள்ல சிந்துவெளி எழுத்து மேல கம்ப்யூட்டர் வெச்சு வேல பண்ணின சோவியத் குழுவுலயும் இருந்தவரு, அதுக்கு அடியில இருக்கிறது திராவிட மொழியா இருக்கலாம்னு சொன்ன குழு அது. மாயாவுக்கும் தமிழுக்கும் ஒரு தொடுப்பு வேணும்னா இத சொல்லு, இது நிஜம்.

பர்கூர் பிளாக் எழுதினது:

நான் படிச்சவன் இல்ல, கிரானைட் லைன்ல 22 வருஷமா இருக்கேன், கல்லுன்னு வந்ததால எழுதறேன் தப்பிருந்தா சொல்லுங்க.

அந்த ஓல்மெக் தலை போட்டோ பாத்ததுல இருந்து அத பத்தி கெடைச்சதெல்லாம் தேடித் தேடிப் பாக்குறேன். மொத்தம் 17 தலை இதுவரைக்கும் கெடைச்சிருக்கு, அதுல 10 சான் லொரென்சோல. அங்க எடுத்த ஒண்ணு ஒசரம் 2.8 மீட்டருக்கு மேல, எடை 25 டன் கிட்ட. எங்க கணக்குல கறுப்புக் கல்லு ஒரு சிபிஎம் (கன மீட்டர்) 3 டன் வரும், அப்ப அது எட்டு ஒம்போது சிபிஎம் பிளாக்கு. இந்த சைஸ் பிளாக்க நாங்க குவாரியில இருந்து ஏத்தறதுன்னா கிரேன் வேணும், வயர் ரோப் வேணும், டிரெய்லர் வேணும், ரோட்டுல பள்ளம் இருந்தா டிரைவர் எறங்கி நடந்து பாத்துட்டுதான் வண்டிய எடுப்பான். ஒரு தடவ நான் வேல பாத்த எடத்துல தூக்குறப்ப ரோப் ஒரு இழை அறுந்துச்சு, டப்புன்னு ஒரு சத்தம், பிளாக்கு அரை அடி எறங்கி நின்னுச்சு, பக்கத்துல நின்ன பையனுக்கு மூணு நாளு பேச்சு வரல. யாருக்கும் ஒண்ணும் ஆகல, ஆனா அந்த சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. அதனால சொல்றேன், சக்கரம் வெச்ச வண்டி இல்லாம, மாடு குதிரை இல்லாம, ஒரு இரும்புத் துண்டு கூட இல்லாம, தூஸ்த்லா மலையில இருந்து 60 கிலோமீட்டர் தள்ளி சான் லொரென்சோவுக்கு, சதுப்பும் ஆறும் தாண்டி இந்த கல்ல கொண்டாந்திருக்காங்கன்னா அந்த ஊர்ல எத்தன நூறு பேர ஒரு சொல்லுக்கு நிறுத்தற ஆளு இருந்திருக்கணும் யோசிச்சுப் பாருங்க. கட்டையில வெச்சு கயிறு போட்டு இழுத்திருக்கலாம், தண்ணி வர்ற காலத்துல தெப்பத்துல ஏத்தியிருக்கலாம்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. பேசாத கல்லுன்னு நடுகல் அண்ணன் சொன்னாரு, என்னப் பொறுத்தவரைக்கும் அந்த எடையே ஒரு எழுத்துதான், ராஜா இருந்தான்னு அது சொல்லுதே.

இன்னொரு விஷயம் கண்ணுல பட்டுச்சு. அவங்க குவாரி தோண்டி கல்லு எடுக்கல, எரிமலைச் சரிவுல தானா உருண்டு கெடந்த பாறையத்தான் எடுத்திருக்காங்க, அதனாலதான் தலை அந்த மாதிரி உருண்டையா அமைஞ்சிருக்கு. நெறைய தலையோட பின்பக்கம் தட்டையா இருக்கும். சிலது மொதல்ல ராஜா உக்காருற சிம்மாசனக் கல்லா இருந்து அப்புறம் அதையே தலையா திருப்பி செதுக்கினதுன்னு ஒரு கருத்து இருக்கு, ரெண்டு மூணு தலையில பழைய வேலையோட தடம் இன்னும் தெரியுதாம். செதுக்கினது உளியால இல்ல, கல்ல வெச்சு கல்ல கொத்திக் கொத்தி. எங்க ஆளுங்க டிரஸ்ஸிங் பண்றப்ப டங்ஸ்டன் முனையே தேஞ்சு போகுது, இவங்க கல்ல வெச்சு அந்த ஒதட்ட, கண்ணு ரெப்பைய எடுத்திருக்காங்க.

மாயா கல்லு வேற ரகம். அங்க பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லு, வெட்டி எடுத்தப்ப மெதுவா இருக்கும், காத்து பட பட இறுகும், அதனாலதான் அவ்வளவு நுணுக்கமா எழுத்து வெட்ட முடிஞ்சுது. அதே கல்ல சுட்டு சுண்ணாம்பாக்கி கோயில் மேல பூசி செவப்பு அடிச்சிருக்காங்க. ஓல்மெக் பக்கம் கல்லு தூரத்துல இருந்து வரணும், அதனால மேடு எல்லாம் மண்ணு, லா வென்டா பிரமிடு 30 மீட்டருக்கு மேல ஒசரம், முழுக்க மண்ணும் களிமண்ணும். நெலத்துல என்ன கெடைக்குதோ அதுக்கு ஏத்த மாதிரிதான் நாகரிகமும் போகும். ஆனா மாயாக்காரங்க பெரிய கல்ல நகத்தலன்னு நெனச்சுடாதீங்க, கிரிகுவாங்கிற ஊர்ல 771ல நட்ட ஒரே தூணு 10 மீட்டருக்கு மேல ஒசரம், எடை 60 டன்னுக்கு மேல, அது மணற்கல்லு.

பாப்பாரப்பட்டி பொண்ணு எழுதினது:

அண்ணா ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, அந்த ரோப் அறுந்தத படிச்சு எனக்கு கையே சில்லுனு ஆயிடுச்சு. அப்ப அந்த ஆப்பிரிக்கா கதையும் மயன் கதையும் பொய்யா? எங்க கிளாஸ்ல ஒருத்தன் கண்டிப்பா மயன் பத்தி கேப்பான், அவன் அத நம்புறவன், அவன் மனசு நோகாம பதில் சொல்லணும். அப்புறம் தாயா சகோதரியாங்கிறதுக்கு யாரும் பதில் சொல்லல.

தேன்கனிக்கோட்டை டீச்சர் எழுதினது:

கண்ணு, ஸ்கூல் முடிஞ்சு இப்பதான் பாத்தேன்.

ஆப்பிரிக்கா விஷயம் மொதல்ல. அகலமான மூக்கு, தடிச்ச ஒதடுன்னு ரெண்ட மட்டும் பாத்து கட்டின கதை அது. அதே முகத்தோட ஆளுங்க இன்னிக்கும் வெராக்ரூஸ், டபாஸ்கோ கிராமத்துல சந்தைக்கு வந்து போறாங்க. முறையா தோண்டின எந்தக் குழியிலயும் ஆப்பிரிக்கப் பொருள் ஒண்ணு கூட கெடைக்கல. அத சொல்றப்ப இன்னொண்ணும் சேத்து சொல்லு, அந்த மண்ணு ஆளுங்களாலயே இது முடிஞ்சிருக்காதுங்கிற நெனப்புலதான் இப்படி வெளியூர் ஆளத் தேடுறோம், அது அவங்களுக்கு பண்ற அநியாயம். வேத்து கிரகத்துக் கதைக்கும் இதுவே பதில்.

மயன் நம்ம மரபுல சிற்பக் கலைக்கு ஆதியா சொல்றவரு, அவர நாம மதிக்கிறது நியாயம். ஆனா அங்க மாயாங்கிற சொல்லு யுகடான் பக்கத்துப் பேரு, மாயாபான்னு அங்க ஒரு நகரமே இருந்துச்சு. குவாத்தமாலா மலையில இருக்கிறவங்க தங்கள கிச்சே, கக்சிகேல்னு தனித்தனியாத்தான் சொல்லிக்குவாங்க. மாயா மொழிக் குடும்பத்துல 30 மொழி கிட்ட இருக்கு, அதுல எதுக்கும் தமிழோட ஒறவு இல்ல. பேரு ஒரே மாதிரி கேக்குதுங்கிறத தவிர கையில ஒண்ணும் இல்லன்னு அந்தப் பையன்கிட்ட பக்குவமா சொல்லு.

இப்ப தாய், சகோதரி. இந்தத் தாய் நாகரிகம்ங்கிற வார்த்தை 1942ல மெக்சிகோவுல டூஸ்ட்லா குட்டியெரெஸ்ங்கிற ஊர்ல நடந்த கூட்டத்துல அல்ஃபோன்சோ காசோன்னு ஒரு மெக்சிகோ தொல்லியல் அறிஞர் சொல்லி பரவினது. அப்ப மாயா ஆராய்ச்சியில பெரிய ஆளா இருந்த எரிக் தாம்சன் மாதிரி ஆளுங்க ஓல்மெக் அவ்வளவு பழசா இருக்காதுன்னு சண்ட போட்டாங்க. 1950கள்ல லா வென்டாவுல எடுத்த கரியோட வயச ரேடியோ கார்பன் சோதனையில போட்டுப் பாத்ததும் ஓல்மெக்தான் மூத்ததுன்னு உறுதியாச்சு, காசோ பக்கம் ஜெயிச்ச மாதிரி ஆச்சு. உன் புக்கு அங்கயே நின்னுடுச்சு கண்ணு. 2013ல தகேஷி இனோமாத்தாங்கிற தொல்லியல் அறிஞரோட குழு செய்பால்ங்கிற மாயா ஊர்ல தோண்டினதுல மேடையும் சதுக்கமும் சேந்த கோயில் அமைப்பு கி.மு. 1000 வாக்குலயே வந்துடுச்சு, அது லா வென்டா பெருசாகுறதுக்கு முன்னாடி. 2020ல அதே ஆளு டபாஸ்கோவுல அகுவாதா ஃபீனிக்ஸ்னு ஒரு எடத்த வெளியிட்டாரு, ஆகாயத்துல இருந்து லேசர் அடிச்சு பாத்தப்பதான் தெரிஞ்சுது, அதுவரைக்கும் அது மேல ஆளுங்க மாடு மேச்சுக்கிட்டு இருந்தாங்க, மேடுன்னே தெரியாத அளவு அகலம். நீளம் 1400 மீட்டர், ஒசரம் 10ல இருந்து 15 மீட்டர், கி.மு. 1000ல இருந்து 800க்குள்ள கட்டினது. அங்க ஓல்மெக் மாதிரி ராஜா தலை இல்ல. சான் லொரென்சோ ஆடி முடிச்சு, லா வென்டா எழும்புற நேரத்துல, மாயா பக்கமும் மத்த பக்கமும் ஒருத்தர ஒருத்தர் பாத்துப் பாத்து வளந்திருக்காங்கன்னுதான் இப்ப பலரும் எழுதறாங்க.

எனக்கு இது ஈசியா புரிஞ்சது எங்க ஊரு சந்தையாலதான். தேன்கனிக்கோட்டையில ஒரு வீட்டுல கன்னடம், பக்கத்து வீட்டுல தெலுங்கு, எதுத்த வீட்டுல தமிழு, சந்தைக்கு வந்தா மூணும் கலந்துதான் வெல பேசுவாங்க. நான் தக்காளிக்காரம்மாகிட்ட எந்த வார்த்தையில பேசறேன்னு எனக்கே தெரியாது. ஒரு வார்த்தைய வாங்கிக்கிட்டா அவங்க எனக்கு தாயாயிடுவாங்களா? கொக்கோவுக்கு மாயாக்காரங்க கல்வெட்டுல ககாவ்னு எழுதியிருக்காங்க, அந்தச் சொல்லு ஓல்மெக் ஆளுங்க பேசியிருக்கக் கூடிய மிஹே சோக்கே மொழியில இருந்து வாங்கினதுன்னு பல மொழி அறிஞர்கள் நெனைக்கிறாங்க. ரப்பர் பந்தும் அப்படி. எல் மனாத்திங்கிற ஊத்துல கி.மு. 1600 வாக்குல போட்ட ரப்பர் பந்துங்க சேத்துக்குள்ள கெடந்து அப்படியே கெடைச்சிருக்கு. மரத்துப் பாலோட ஒரு கொடியோட சாறக் கலந்தா அது ஒடையாம துள்ளும்னு கண்டு பிடிச்சிருக்காங்க பாரு, அந்த வெளையாட்டத்தான் பிற்பாடு மாயா ஊரு ஊருக்கு மைதானம் கட்டி ஆடினாங்க. பச்சைக் கல்லு எதிர்த்திசையில வந்திருக்கு, ஓல்மெக் ஆளுங்க ஆசப்பட்ட ஜேடு குவாத்தமாலாவுல மொதாகுவா பள்ளத்தாக்குல இருந்து வரணும். சாமானு ரெண்டு பக்கமும் போயிருக்கு, அப்ப யோசனையும் ரெண்டு பக்கமும் போயிருக்கும். என் கருத்த கேட்டா சான் லொரென்சோவ மூத்த அக்கான்னு சொல்லுவேன், தாய்ன்னு சொல்ல மாட்டேன். இதுக்கு எதிர்க்கருத்து உள்ளவங்க இன்னும் இருக்காங்க, அதையும் கிளாஸ்ல மறைக்காத.

பாலக்கோடு தக்காளி எழுதினது:

மாயாக்காரங்க ஒரே ராத்திரியில மர்மமா மறஞ்சிட்டாங்களாமே, அதையும் செமினார்ல போடு பாப்பா நல்லா இருக்கும்.

நடுகல் தேடி எழுதினது:

மறையல தம்பி, அத மட்டும் தயவு செஞ்சு போட வேண்டாம். 800ல இருந்து 900க்குள்ள தெக்கத்திக் காட்டு ஊருங்க ஒண்ணு ஒண்ணா காலியாச்சு, மழ பொய்ச்சுது, ஊருக்கு ஊரு சண்ட, ராஜா சொன்னா மழ வரும்ங்கிற நம்பிக்க போச்சு. கடைசியா நீளக் கணக்குல (ஒரு ஆரம்ப நாள்ல இருந்து எத்தன நாளுன்னு எண்ணி எழுதற தேதி முறை) தேதி வெட்டின கல்லு தோனினாவுல, 909. ஆனா வடக்க சிச்சென் இட்சா அதுக்கப்புறமும் நடந்துச்சு, பெத்தேன் ஏரி நடுவுல இருந்த கடைசி மாயா அரசு ஸ்பெயின்கிட்ட விழுந்தது 1697லதான். இன்னிக்கும் அந்த மொழிங்கள பேசற லட்சக்கணக்கான சனம் இருக்காங்க, 1992ல சமாதான நோபல் வாங்கின ரிகோபெர்த்தா மெஞ்சு கிச்சே மாயா அம்மாதான். உசிரோட இருக்கிறவங்கள மறஞ்சுட்டாங்கன்னு சொன்னா மனசு கஷ்டமா இருக்கு.

தங்கச்சி, காலண்டர விட்டுட்டேன், இத சேத்துக்கோ. 2012ல உலகம் அழியும்னு பயமுறுத்தினாங்களே மாயா காலண்டர், அதே நீளக் கணக்குல தேதி போட்ட ஒரு கல்லு 1939ல மேத்யூ ஸ்டிர்லிங்னு ஒரு அமெரிக்க தொல்லியல் அறிஞர் ட்ரெஸ் சபோடெஸ்ங்கிற எடத்துல எடுத்தாரு, அது பழைய ஓல்மெக் மண்ணு. கல்லு ஒடஞ்சு மேல் பாதி இல்ல, மொத எண்ணே காணோம். மிச்ச எண்ண வெச்சு கணக்கு போட்டு அது 7ஆத்தான் இருக்கணும்னு சொன்னது அவரு சம்சாரம் மேரியன். பல பேரு நம்பல. முப்பது வருஷம் கழிச்சு மேல் பாதி கெடைச்சுது, அதுல 7 இருந்துச்சு! தேதி 7.16.6.16.18, நம்ம கணக்குல கி.மு. 32. மாயா காட்டு ஊருங்கள்ல இந்த மாதிரி தேதியோட கெடைச்ச பழைய கல்தூணு டிகால்ல, கி.பி. 292. அதாவது மாயா காலண்டர்னு நாம சொல்றது மாயா மட்டும் கண்டுபிடிச்சது இல்ல. ஆனா லா வென்டா காலியாகி முன்னூறு வருஷத்துக்கு மேல ஆனப்புறம் வெட்டின கல்லுங்கிறதால ஓல்மெக் கண்டுபிடிச்சதுன்னும் நேரா சொல்ல முடியாது, அவங்க பேரப் புள்ளைங்கன்னு வெச்சுக்கோ.

பாப்பாரப்பட்டி பொண்ணு எழுதினது:

கட்டம் போட்ட பேப்பர கிழிச்சுட்டேன் அண்ணா. சனிக்கிழம மியூசியம் போய் நடுகல்ல போட்டோ எடுத்துட்டு வந்தேன், ஒரு கல்லுல வில்லு புடிச்ச ஆளு, இடுப்புல கத்தி, மேல வட்டெழுத்து, எழுத்த தொட்டுப் பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு, தொடக்கூடாதுன்னு விட்டுட்டேன். செமினார அந்தப் படத்துல இருந்துதான் ஆரம்பிக்கப் போறேன், அடுத்து மல்லச்சந்திரம், அதுக்கப்புறம்தான் மெக்சிகோ. பர்கூர் அண்ணா சொன்ன 25 டன்ன எங்க ஊரு டவுன் பஸ்சோட ஒப்பிட்டு சொல்லப் போறேன். டீச்சரக்கா சொன்ன சந்தை எடுத்துக்காட்டையும் எடுத்துக்கிறேன், எங்க தாத்தா ராயக்கோட்டை சந்தையில அப்படித்தான் பேசுவாரு.

நேத்து ராத்திரி சார்ட்ல அந்த கி.மு. 32 தேதிய வரஞ்சுக்கிட்டு இருந்தேன், புள்ளின்னா ஒண்ணு, கோடுன்னா அஞ்சு, அதனால 7க்கு ஒரு கோடு மேல ரெண்டு புள்ளி, 18க்கு மூணு கோடு மேல மூணு புள்ளி. பெருக்கிக் கூட்டினா 11,25,698 நாளு வருது, அவங்க கணக்கு ஆரம்பிச்ச நாள்ல இருந்து. எங்க ஆயா பக்கத்துல வந்து குனிஞ்சு பாத்துட்டு, எந்த ஊட்டு பால் கணக்கு பாப்பா இதுன்னு கேட்டுச்சு. நான் வெளக்கி சொன்னேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு அடுப்படி செவுத்துல ஆயாவே கரியில போட்டு வெச்சிருக்கிற கோட்ட காட்டி, நானும் அஞ்சு நாளைக்கு ஒருக்காதான் குறுக்கால இழுப்பேன்னு சொல்லுச்சு.